அக்காவின் காலில் கறுப்பு மணி

வசந்தா அக்கா முந்தானை முடிச்சை அவிழ்த்து, உள்ளே இருந்த சிறிய பட்டு நூல் உருண்டையை எடுத்து மேசைமேல் வைத்தாள். அது ஈரமாக இருந்தது. ஆய்வுக்கூடத்து டாக்டரம்மா கையுறை போட்ட விரல்களால் அதைப் பிரித்தார். நூலுக்குள் கசகசா அளவில் மணிகள் ஒட்டிக்கொண்டிருந்தன. கறுப்பு மணிகள்.

"எல்லாம் கால்லேர்ந்து வந்ததா?"

"ஆமாங்க டாக்டர். காலையில கட்டு பிரிச்சப்ப வந்துது. எடுத்துக்கினு வரச் சொன்னாங்க."

டாக்டரம்மா கண்ணாடித் தட்டில் உப்புநீர் ஊற்றி, இடுக்கியால் மணிகளை எடுத்து அதில் போட்டார். ஸ்பிரிட் வாசனை மூக்கைக் காந்தியது. மூலையில் குளிர்பெட்டி ஒன்று முனகிக்கொண்டிருந்தது.

அக்காவின் வலது காலைக் கணுக்காலுக்கு மேலே எடுத்துவிட நாள் குறித்தாகிவிட்டது. அதற்கு முன் செய்ய வேண்டிய சோதனைகளில் ஒன்று விட்டுப்போயிருந்தது. அதற்காகத்தான் எங்களை அந்த அறைக்கு அனுப்பியிருந்தார்கள். மணிகளைக் கொடுத்துவிட்டு வந்துவிடலாம் என்றுதான் நினைத்திருந்தோம்.

டாக்டரம்மா தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தலையைத் தூக்கினார்.

"இது என்ன துணி?"

அந்தக் கேள்விக்கு அக்கா சொன்ன பதிலை எழுதுவதற்கு முன், அந்தக் காலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

குழிக்குள் இருக்கும் கால்

முசரவாக்கத்தில் எங்களுக்கு நிலம் இருந்தவரை வீட்டில் யாரும் தறியில் உட்கார்ந்ததில்லை. நிலம் போனது. நான் ஒன்பதாம் வகுப்போடு ஊரைவிட்டுக் கிளம்பினேன். அக்காவால் கிளம்ப முடியாது, அதனால் தறி கற்றுக்கொண்டாள். தறிக்காரரையே கட்டிக்கொண்டு சின்ன காஞ்சிபுரத்தில் வாடகை வீட்டுக்குக் குடிபோனாள். முன்னறையில் மாமாவுக்கு ஒரு தறி, அவளுக்கு ஒன்று. மீதி இடத்தில் சமையல், படுக்கை எல்லாம்.

தறிக்குக் கீழே மண் குழி. நெய்பவர் விளிம்பில் உட்கார்ந்து காலைக் குழிக்குள் விட்டு மிதிப்பலகைகளை மிதிக்க வேண்டும். மிதித்தால்தான் நீளவாக்கில் கட்டிய பாவு இழைகள் மேலும் கீழுமாகப் பிரிந்து, குறுக்கு நூலோடு ஓடும் நாடாவுக்கு வழிவிடும். பார்க்க வருகிறவர்கள் நெய்பவரின் கையைத்தான் பார்ப்பார்கள். குழிக்குள் இருக்கும் கால் யார் கண்ணிலும் படாது.

தறியில் செருப்போடு ஏற மாட்டார்கள். குழி வெயில் காலத்திலும் ஈரமாக இருக்கும். எப்போதோ ஒருநாள் மிதிப்பலகையிலிருந்து ஒரு சிலாம்பு அக்காவின் பாதத்தில் ஏறியது. பிடுங்கி எறிந்துவிட்டு வேலையைப் பார்த்தாள். புண் ஆறியும் போனது.

சில மாதம் கழித்து அந்த இடத்தில் புளியங்கொட்டை போல ஒரு கட்டி வந்தது. வலி கிடையாது. வலித்திருந்தால் அப்போதே ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பாள். கட்டி மெல்லப் பரவிப் பாதம் முழுவதும் வீங்கியது. வீக்கத்தில் சின்னச் சின்னக் கண்கள் திறந்தன. அவற்றிலிருந்து நீர் கசிந்தது. நீரோடு மணிகளும் வந்தன.

தெருவில் ஆளுக்கொரு பெயர் வைத்தார்கள். ஒருத்தி யானைக்கால் என்றாள். இன்னொருத்தி சர்க்கரைப் புண் என்றாள். எதிர்வீட்டில் செய்வினை என்றார்கள். யானைக்காலுக்குத் தைலம், சர்க்கரைக்குப் பாகற்காய்ச் சாறு, செய்வினைக்கு எலுமிச்சம்பழம் என்று பெயருக்கு ஏற்ற மருந்து நடந்தது. மெடிக்கல் கடை மாத்திரையும் நடுவில் உண்டு. சில நாள் வற்றும், பிறகு இன்னொரு கண் திறக்கும்.

கட்டுப் போட அக்கா பட்டைத்தான் எடுத்தாள். தறி வீட்டில் அறுந்ததும் கழித்ததுமாகப் பட்டு நூல் எப்போதும் கிடக்கும். பூசைக்குப் பருத்தித் துணியைத் துவைத்துத்தான் உடுத்த வேண்டும், பட்டைத் துவைக்காமலே உடுத்தலாம் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். பட்டில் தீட்டு ஒட்டாது. தீட்டு ஒட்டாததில் அழுக்கு எப்படி ஒட்டும்? அக்காவும் மாமாவும் அப்படித்தான் நினைத்தார்கள். அந்த வீட்டில் சோறு தின்றுகொண்டிருந்த நானும் அப்படித்தான் நினைத்தேன்.

வாலாஜாபாத் தாண்டி

நான் அப்போது ஊர் திரும்பி ஷேர் ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தேன். வீக்கம் வற்றாது என்று தெரிந்ததும் அக்காவைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். பஸ்ஸில் வாலாஜாபாத் தாண்டிப் போக வேண்டும்.

அறுவை டாக்டர் நல்ல மனிதர். எக்ஸ்ரேயைத் தூக்கிப் பிடித்து, எலும்பு அரித்திருந்த இடங்களைக் காட்டினார். கட்டுத்துணியில் ஒட்டியிருந்த மணிகளையும் கூர்ந்து பார்த்தார்.

"கறுப்பு மணின்னா பூஞ்சை. காளான் ஜாதி. எலும்புக்குள்ள போயிடுச்சு. மருந்துக்குக் கேக்கறது கஷ்டம். இப்ப எடுத்தா கணுக்காலோட போகும். விட்டா முழங்கால் வரைக்கும் போகும்."

திரும்பி வரும் பஸ் வாலாஜாபாத்தை நெருங்கியது. அரிசி மில் புகைபோக்கிகள் தெரிந்தபோது அக்கா கேட்டாள்.

"டேய், ஒத்தக் கால வச்சிக்கினு தறி நெய்யறவங்க யாராவது இருக்காங்களாடா?"

"தெரியலக்கா."

"ஊரெல்லாம் சுத்தினியே. ஒருத்தரைக்கூடவா பாக்கல?"

"நான் பார்த்ததெல்லாம் மோட்டார் தறிக்கா. அதுக்குக் காலே வேணாம்."

"அப்ப எனக்கு ஒரு மோட்டாரு வாங்கிக் குடு."

சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வீட்டுக்கு வந்ததும் தறியில் உட்கார்ந்தாள். மாமா வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தார். "இருக்கற வரைக்கும் மிதிக்கிறேன்" என்றாள். அவர் தம் தறியில் ஏறாமல் வாசலுக்குப் போய்விட்டார்.

புழுவுக்கும் இறாலுக்கும் வந்தது

கண்ணுக்குத் தெரியாதவை எனக்குப் புதிதல்ல. ஓசூருக்கு அப்பால் பட்டுப்புழுக் கொட்டகையில் நான் கொஞ்ச காலம் மல்பெரி இலை சுமந்திருக்கிறேன். அங்கே புழுக்கள் பலவிதமாகச் செத்தன.

சில புழு உப்பி, தொட்டால் பால்போல உடைந்து ஒழுகும். சில புழு விறைத்துச் சுண்ணாம்புக் குச்சிபோல வெளுக்கும். சில தளர்ந்து அழுகும், நாற்றம் தாங்காது. இன்னும் சிலவற்றின் மேல் மிளகுத்தூள் தூவியது போலப் புள்ளி விழும். எங்கள் முதலாளிக்கு எல்லாம் ஒன்றுதான். எல்லாவற்றுக்கும் சுண்ணாம்பு தூவச் சொல்வார்.

ஒருமுறை பட்டு வளர்ச்சி அலுவலகத்திலிருந்து வந்தவர் கூடைகளைப் பார்த்துவிட்டுச் சொன்னார். பால் ஒழுகுவது வைரஸால். சுண்ணாம்பாக விறைப்பது பூஞ்சையால். அழுகுவது பெரும்பாலும் பாக்டீரியாவால். மிளகுப் புள்ளி வைப்பதை ஒரு காலத்தில் ஒற்றைச் செல் விலங்குகளோடு சேர்த்திருந்தார்கள், இப்போது பூஞ்சைக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டார்கள். "யாரு வைக்கிறாங்க சார்?" என்று கேட்டேன். "படிச்சவங்க" என்றார். நான் கூடைகளைத் தூக்கிப்போய்க் குழியில் கொட்டி மூடினேன். குழிக்குள் எல்லாப் புழுவும் ஒன்றாகவே கிடந்தன.

பிறகு கடற்கரைப் பக்கம் இறால் பண்ணை. ஒரு விடியலில் இறால்கள் கரையோரமாக ஒதுங்கின. ஓட்டில் வெள்ளைப் புள்ளி. முதலாளி கைக்கு வந்த மருந்தையெல்லாம் குளத்தில் கொட்டினார். அது பாக்டீரியாவைக் கொல்லும் மருந்து. வந்ததோ வைரஸ். சில நாளில் குளமே செத்தது. நாங்கள் வலையால் வாரிக் கரையில் குவித்தோம்.

"வைரஸுக்கு உயிர் இருக்குதா சார்?" என்று பண்ணைத் தொழில்நுட்பக்காரரைக் கேட்டேன்.

"செல்லுக்குள்ள பூந்தா இருக்கிற மாதிரி. வெளியில கிடந்தா இல்லாத மாதிரி."

முதலாளி சிரிக்காமல் சொன்னார். "உயிரே இல்லாத ஒண்ணு என் உயிரை எடுத்துட்டுது பாருய்யா."

கொரோனா வந்து, இருந்த வேலையும் போய், ஊரை நோக்கி நடந்தபோது அந்த மனிதரை நினைத்துக்கொண்டேன். பெயர் தெரியாமல் மருந்து கொட்டுவது எவ்வளவு பெரிய வீண் என்று அவரால்தான் எனக்குத் தெரியும். ஆனால் அறுவை டாக்டர் பூஞ்சை என்றதும், அக்காவின் காலுக்குப் பெயர் தெரிந்துவிட்டது என்றுதான் நம்பியிருந்தேன்.

சாயம்

"இது என்ன துணி?" என்று டாக்டரம்மா கேட்டார் அல்லவா?

"பட்டு டாக்டர்" என்றாள் அக்கா. குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. "கண்ட துணியெல்லாம் கட்டறதில்ல. சுத்தப் பட்டு."

டாக்டரம்மா தட்டை எங்கள் பக்கம் திருப்பினார். உப்புநீர் நாவல்பழம் கரைத்தது போல ஆகியிருந்தது. மணிகளிலிருந்து நிறம் மெல்லிய புகைபோல இன்னும் இறங்கிக்கொண்டிருந்தது.

"இது எந்த நூல்?"

அக்காவுக்கு முகம் மாறியது. "நாவப்பழக் கலரு. சாயம் நிக்கலன்னு முதலாளி ஒதுக்கினாரு. வீணாப் போவுதேன்னு கட்டுக்கு வச்சிக்கினேன்."

"எத்தனை நாளா?"

"ரொம்ப நாளாவே அதாங்க."

டாக்டரம்மா திட்டவில்லை. "கறுப்பா இருக்கறது மணியா, சாயமான்னு எனக்குத் தெரியணும்மா. அது தெரியாம காலை எடுக்கக் கூடாது" என்றார். எங்கள் எதிரிலேயே அறுவை டாக்டருக்குப் போன் செய்தார். அவர் உடனே நாளைத் தள்ளிவைத்தார். கறுப்பைப் பார்த்துப் பூஞ்சை என்றதில் அவர்மேல் தப்பில்லை. அவருக்குக் காட்டிய கறுப்பைத் தறியிலிருந்து கொண்டுபோனவர்கள் நாங்கள்.

அக்காவைப் பெண்கள் வார்டில் சேர்த்தார்கள். காலைக் கழுவி வெள்ளைத் துணியால் கட்டினார்கள். மறுநாள் கட்டைப் பிரித்தபோது புதிதாக வந்த மணிகள் பழைய அரிசிக் குருணைபோல மங்கிய வெள்ளையாக இருந்தன.

நான் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டேன்.

"அவசரப்படாதீங்க" என்றார் டாக்டரம்மா. "கறுப்புன்னா பூஞ்சைதான். வெள்ளைன்னா பூஞ்சையாவும் இருக்கலாம், பாக்டீரியாவாவும் இருக்கலாம்."

ஒரு மணியை நசுக்கிச் சாயமேற்றி நுண்ணோக்கியில் வைத்து, என்னையும் பார்க்கவிட்டார். தறி பழகாதவர் கையில் சிக்கிய நூல்கண்டு போல, இழைகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன.

"இழை ரொம்ப மெல்லிசா இருக்கு. பூஞ்சை இழை இதைவிடத் தடியா இருக்கும். ஆனா வளர்த்துப் பார்த்துட்டுத்தான் சொல்வேன்."

அது வளர நாளாகும் என்றார். நாங்கள் காத்திருந்தோம்.

பக்கத்துக் கட்டில்

பக்கத்துக் கட்டிலில் எல்லம்மா இருந்தார். வாலாஜாபாத்துக்கு அந்தப் பக்கம் பாலாற்றோரத்து ஊர். நாற்று நடுகிற கூலி. அவருக்கும் அதே நோய், இடது காலில். சேற்றில் கருவேல முள் குத்தியதாம். பூஞ்சை மருந்து ஒரு வருஷத்துக்கு மேலாகத் தின்று பார்த்தும் கேட்கவில்லை. காலை எடுப்பதற்காகச் சேர்த்திருந்தார்கள்.

பார்வையாளர் நேரத்தில் நான் போனபோது இரண்டு பேரும் காலை நீட்டிக்கொண்டு பேசிக்கொண்டிருந்தார்கள்.

"ஏம்மா தறிக்காரம்மா, புண்ணுக்குக்கூடப் பட்டுதான் கட்டுவீங்களா? கல்யாணத்துக்கு இன்னா கட்டுவீங்க?"

"நாங்க எங்க கட்டறது? நெய்யறதோட சரி."

"நான் எங்க வூட்டுக்காரரு வேட்டியக் கிழிச்சிக் கட்டினேன். வெள்ள வேட்டி. அதான் என்னுது நெசக் கறுப்புன்னு ஒரே பார்வையில கண்டுக்கினாங்க." எல்லம்மா என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். "உங்க அக்காளுக்குத்தான் கலரு பூசி ஏமாத்தற வேலையெல்லாம் தெரியும்."

அக்கா வாய்விட்டுச் சிரித்தாள். நாள் குறித்த பிறகு அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

டாக்டரம்மா ஒரு பிற்பகலில் தாளோடு வார்டுக்கு வந்தார். அக்காவின் கட்டிலில் உட்கார்ந்தார்.

"பாக்டீரியாதாம்மா. காலை எடுக்க வேணாம். ஊசியும் மாத்திரையும் போடணும். மாசக்கணக்கா ஆகும். நடுவுல காதையும் சிறுநீரகத்தையும் பார்த்துக்கிட்டே இருக்கணும். நிறுத்திடக் கூடாது."

அக்கா அவருடைய கையைப் பிடித்துக்கொண்டாள், விடவில்லை.

எனக்குத்தான் வாய் சும்மா இருக்கவில்லை. "இழை இழையாப் படருது. அப்புறம் எப்படி டாக்டர் காளான் இல்லேங்கறீங்க?"

"முன்னாடி காளான் கூட்டத்துலதான் சேர்த்திருந்தாங்க. படர்ற விதத்தைப் பார்த்து. அப்புறம் செல்லுக்குள்ள பார்த்தாங்க. காளானோட செல்லுல உட்கரு உண்டு. நம்ம செல்லுல இருக்கற மாதிரி. இதுல உட்கரு கிடையாது. சுவரும் வேற. அதனால பாக்டீரியாவோட சேர்த்துட்டாங்க."

"ஸ்கூல்ல செடி ஒரு பக்கம், விலங்கு ஒரு பக்கம்னு சொன்னாங்களே?"

"கண்ணுக்குத் தெரிஞ்சதை மட்டும் பிரிச்ச காலத்துக் கணக்கு அது. இப்ப மரபணுவை எழுத்தெழுத்தா ஒப்பிட்டுப் பார்க்கறாங்க. அப்படிப் பார்த்தா பெரிய கிளை மூணு. ஒண்ணு பாக்டீரியா. இன்னொண்ணு பார்க்க பாக்டீரியா மாதிரியே இருக்கும், ஆனா வேற வம்சம். உப்பளத்துல இருக்கும், மாட்டு வயித்துல இருக்கும். ஆர்க்கியான்னு பேரு. மூணாவது கிளைதான் உட்கரு இருக்கறவங்க. நீங்க, நானு, வேப்ப மரம், அமீபா, காளான் எல்லாம் அதுல."

"வைரஸு?"

"அதுக்கு இந்த மரத்துல இடம் கொடுக்கல. செல்லே இல்லையே. அதைத் தனியா, உள்ளே என்ன மாதிரி மரபுப்பொருள் வச்சிருக்கு, எப்படிப் பெருகுதுன்னு பார்த்துப் பிரிக்கறாங்க."

இறால் முதலாளிக்கு இதைச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. அவர் எங்கே இருக்கிறாரோ.

எல்லம்மா அதுவரை கேட்டுக்கொண்டே இருந்தார். "டாக்டரம்மா, காளானும் நம்மளும் ஒரே கிளைன்றீங்க?"

"ஆமாம். காளான் செடிக்குச் சொந்தம்னு நினைக்கறோம். நமக்குத்தான் இன்னும் கிட்டச் சொந்தம்."

"பங்காளின்னு சொல்லுங்க."

டாக்டரம்மா சிரித்தார், பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டார். "அப்படித்தான்மா. அதான் கஷ்டமே. அதோட செல்லும் நம்ம செல்லும் பல விதத்துல ஒண்ணு. அதை மட்டும் அடிக்கற மருந்து கண்டுபிடிக்கறது லேசு இல்ல. பாக்டீரியா தூரத்து ஆளு, அடிக்க இடம் நிறைய."

"சரிதான்" என்றார் எல்லம்மா. "அந்நியன்னா அடிச்சித் தொரத்திடலாம். பங்காளி சும்மா போவானா? பாகம் வாங்கிக்கினுதான் போவான்."

டாக்டரம்மா எழுந்து எல்லம்மாவின் தோளைத் தொட்டுவிட்டுப் போனார்.

போர்வை

அக்காவின் கதையை முடித்துவிடுகிறேன். ஊசியும் மாத்திரையும் சொன்னபடியே நீண்டன. ஒரு காதில் இரைச்சல் வந்ததும் ஊசியை மாற்றினார்கள். திறந்த கண்கள் ஒவ்வொன்றாக மூடின. பாதம் பழைய வடிவத்துக்கு வரவில்லை, விரல்கள் மடங்காது. ஆனாலும் மிதிக்கிறாள். குழிக்குள் ரப்பர் செருப்புப் போட்டுக்கொள்கிறாள். தெருவில் அதற்கும் பேசுகிறார்கள்.

இதெல்லாம் பின்னால் நடந்தது. ஊசி தொடங்கிய அந்த வாரத்திலேயே எல்லம்மாவுக்கு அறுவை.

அன்று காலை உள்ளே தள்ளிக்கொண்டு போவதற்கு முன் எல்லம்மா என்னைக் கூப்பிட்டனுப்பினார். நர்ஸம்மா அனுமதித்தார்.

"ஏம்பா, உன் போன்ல என் காலைக் கொஞ்சம் புடி."

"எதுக்கும்மா?"

"எதுக்கா? இத்தினி வருஷம் சேத்துல எறங்கினது அது. அசிங்கமா இருந்தாலும் என்னுதுதானே. நல்லாப் புடி. மூஞ்சி வேணாம்."

எடுத்தேன். அவர் போனை வாங்கி, எட்டப் பிடித்துப் பார்த்தார். திருப்பிக் கொடுத்தார்.

பிற்பகலில் கொண்டுவந்து படுக்கவைத்தார்கள். போர்வை ஒரு பக்கம் மேடாகவும் மறுபக்கம் தாழ்ந்தும் இருந்தது. கண் மூடியிருந்தார். நான் அக்காவின் கட்டிலோரம் நின்றுகொண்டிருந்தேன். அக்கா எழுந்து உட்கார்ந்து, தன் வலது காலின் மேல் போர்வையை இழுத்துவிட்டாள். போதவில்லை என்று தலையணையையும் எடுத்து மேலே வைத்தாள். பாதம் இருக்கும் இடமே தெரியவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து எல்லம்மா கண்ணைத் திறந்தார். மேலே சுற்றும் மின்விசிறியைப் பார்த்தார். பிறகு தலையை மட்டும் அக்கா பக்கம் திருப்பினார். நாக்கு குழறியது.

"ஏம்மா, காலை எங்க காணோம்?"

அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"என்னுதைக் கேக்கலம்மா. உன்னுது."

"இருக்குது எல்லம்மா."

"அப்ப ஏன் மூடி வச்சிக்கினு கீறே? எடு. பாக்கறேன்."

அக்கா தலையணையை எடுத்தாள். போர்வையை விலக்கினாள். வெள்ளைக் கட்டுக்கு வெளியே விரல் நுனிகள் தெரிந்தன.

"ஆட்டிக் காட்டு."

அக்கா ஆட்டினாள். அது கொஞ்சம்தான் அசைந்தது. எல்லம்மா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார், கண் தானாக மூடும்வரை.